லாசிக் கேட்டுப் போனேன், பிஆர்கே செய்துகொண்டு வந்தேன்

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 6. கண்ணாடியைக் கழற்றி வைத்தால், அதை எங்கே வைத்தேன் என்று தேடுவதற்கே இன்னொரு கண்ணாடி வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் பவர் ஏறாமல் நின்றதும், லேசர் செய்துகொள்ளலாமா என்று கேட்கப் போனேன். லாசிக், ஸ்மைல், பிஆர்கே என்று பவரைச் சரிசெய்யும் லேசர் முறைகள் இருக்கின்றன, இதில் எது நல்லது என்பதுதான் என் கேள்வி. டாக்டர் சிரித்துவிட்டு, "முதலில் உங்கள் கார்னியா என்ன சொல்கிறது என்று பார்ப்போம்" என்றார்.

கார்னியா என்பது கண்ணின் முன்பக்கம் இருக்கும் தெளிவான படலம். லேசர் வேலை செய்வது அதில்தான். காண்டாக்ட் லென்ஸ் அதை அழுத்தி வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும் என்பதால், பரிசோதனைக்கு முன்பே லென்ஸ் போடுவதை நிறுத்தச் சொன்னார்கள். சாதாரண மென்மையான லென்ஸுக்கு ஒன்றிரண்டு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் இன்னும் கூடுதலாக. இதில் ஏமாற்றினால் நஷ்டம் நமக்குத்தான், அளவே தப்பாக வரும்.

பரிசோதனை நாளில் ஆபரேஷன் நாளைவிட அதிக நேரம் போயிற்று. கீழ் இமைக்குள் ஒரு சின்னக் காகிதத் துண்டைச் செருகி, ஐந்து நிமிடத்தில் கண்ணீர் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்று பார்த்தார்கள். கண் ஏற்கெனவே வறண்டிருந்தால் லேசருக்குப் பிறகு தொந்தரவு கூடும். அடுத்து கார்னியாவின் மேடுபள்ளத்தை வண்ணப் படமாகக் காட்டும் ஸ்கேன். கெரட்டோகோனஸ், அதாவது கார்னியா மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய், அதன் சாயல் இருந்தால்கூட லாசிக் கிடையாது. கடைசியில் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்கள். வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தியது, ஃபோனில் ஓர் எழுத்து தெரியவில்லை. துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள்.

என் கார்னியாவின் தடிமன் 485 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). சராசரி சுமார் 540. டாக்டர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். முழுக் கதையும் அந்தத் தாளில்தான் இருந்தது.

ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான் வீதம், எனக்கு 85 மைக்ரான் அளவுக்குச் செதுக்க வேண்டும். லாசிக்கில் அதற்கு முன்பே ஃபிளாப் என்று மேலே ஒரு மெல்லிய மூடியை வெட்டித் திறக்கிறார்கள். அது 110 மைக்ரான். திரும்ப மூடி வைத்தாலும் பழைய உறுதி வராது என்பதால் அதைத் தாங்கும் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டையும் கழித்தால் அடியில் 290. குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது வழக்கம், ஆனால் 300-க்குக் கீழே தான் இறங்குவதில்லை என்றார் அவர். அதற்குக் கீழே போனால் பின்னாளில் கார்னியா புடைத்துக்கொள்ளும் அபாயம் கூடுமாம்.

ஸ்மைலில் மூடி கிடையாது. உள்ளுக்குள்ளேயே ஒரு சின்ன வில்லையைச் செதுக்கி, சில மில்லிமீட்டர் கீறல் வழியாக உருவி எடுப்பார்கள். நான் அதைத்தான் மனதில் வைத்திருந்தேன். ஆனால் அதே பவருக்கு அது லாசிக்கைவிடக் கூடுதலாகத் திசுவை எடுக்கும் என்று காட்டியதும் அந்த ஆசையும் போயிற்று. லேசரே வேண்டாம், கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் ஐசிஎல் செய்யலாமே என்று கேட்டேன். அதற்குக் கார்னியாவுக்குப் பின்னால் போதிய ஆழம் வேண்டும், எனக்கு 2.7 மில்லிமீட்டர்தான். மிஞ்சியது பிஆர்கே. மூடி வெட்டாமல், மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேராக லேசர். மேல்தோலுக்குச் சுமார் 50, செதுக்க 85, இரண்டையும் கழித்தாலும் 350 மைக்ரான் மிஞ்சும். பழைய முறைதான், ஆனால் என் கண்ணுக்கு அதுதான் ஒத்துவந்தது.

ஆபரேஷன் சட்டென்று முடிந்துவிட்டது. மரத்துப்போகச் சொட்டு மருந்து, இமை மூடாமல் இருக்க ஒரு கிளிப், மேல்தோலை இளக்கி வழித்தெடுத்தது, பச்சை விளக்கையே பார்க்கச் சொன்னது. லேசர் ஓடியது ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. முடி கருகுவது போல வாடை வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், வந்தது. ஆனால் உண்மையில் எதுவும் கருகுவதில்லை. 193 நானோமீட்டர் புறஊதா லேசர், சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் பட்ட இடத்தை மட்டும் ஆவியாக்கும். 1981-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் இதைக் கண்டறிந்த குழுவில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், சென்னையில் பிறந்தவர். விருந்தில் மீந்த வான்கோழித் துண்டை லேசரில் வைத்துப் பார்த்தார்களாம்!

அப்புறம்தான் கஷ்டம். தோல் வளரும்வரை கண்ணில் பேண்டேஜ் லென்ஸ் இருக்கும். மரத்துப்போன உணர்வு போனதும் மணல் விழுந்தது போல உறுத்தல், கொட்டும் கண்ணீர், திரையை இழுத்துவிட்ட அறையில்கூடக் கூச்சம். இரண்டாம் நாள்தான் மோசம். அதே வாரம் லாசிக் செய்துகொண்ட நண்பர் மறுநாளே வேலைக்குப் போய்விட்டார், எனக்குப் பொறாமையாக இருந்தது. லென்ஸை எடுத்த பிறகும் பார்வை ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் மங்கலாகவும் இருந்தது. முழுத் தெளிவு வர வாரக்கணக்கில் ஆயிற்று. விடுப்பை நீட்டிக்க முடியாதவர்கள் இதை யோசிக்க வேண்டும். இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது இன்னும் மெதுவாகத்தான் குறைந்தது. ஸ்டீராய்டு சொட்டு மருந்து கண் அழுத்தத்தை ஏற்றலாம் என்பதால் அடிக்கடி வரச்சொல்லி அளந்தார்கள். கார்னியாவில் வெண்மை படராமல் இருக்க வெயிலில் கருப்புக் கண்ணாடி கட்டாயம். கண்ணாடியை விடப் போய் இன்னொரு கண்ணாடி!

செய்துகொள்பவர்கள் பழைய பவர், தடிமன், ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றுக்கும் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது, லேசர் செய்த கண்ணுக்கு வழக்கமான கணக்கு பிசகும், பழைய அளவு கையில் இருந்தால் உதவும். கார்னியா மெலிந்திருப்பதால் கண் அழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் லேசர் செய்ததைச் சொல்லிவிடுங்கள். மைனஸ் பவர் உள்ள கண் வழக்கத்தைவிட நீளமாக இருக்கும், அதனால் விழித்திரை இழுபட்டிருக்கும். பவர் போனாலும் அது அப்படியேதான் இருக்கும், அதனால் விழித்திரைப் பரிசோதனைக்கு நான் இன்னமும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.