சோப்வித் கேமல் மாதிரி விமானம்: உடல் மூடியாயிற்று, கம்பிகள் பாக்கி

முதல் உலகப்போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம் சோப்வித் கேமல். அதன் 1:48 அளவு (அசலில் 48இல் ஒரு பங்கு) மாதிரியில், உடற்பகுதியின் இரண்டு பாதிகளையும் ஒட்டிவிட்டேன். இனி உள்ளே இருப்பது கண்ணில் படாது என்பதால் அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

முன்னால் எஞ்சின். அதன் பின்னால் இரண்டு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகள், அடுத்து விமானியின் பிரம்பு இருக்கை, இருக்கையின் முதுகுக்குப் பின்னாலேயே பெட்ரோல் தொட்டி. மாதிரியின் நீளம் 12 செ.மீ.; கனமான சாமான்கள் எல்லாம் முதல் நாலரை செ.மீ.க்குள் அடங்கிவிட்டன. அசலில் அது ஏழு அடி. கேமல் சட்டென்று திரும்பியது இந்த நெரிசலால்தான். தொட்டியில் தோட்டா பாய்ந்து தீப்பிடித்தால் விமானிக்குப் போக்கிடம் இல்லை. பலூனில் தொங்கியபடி வேவு பார்த்தவர்களுக்குப் பாராசூட் உண்டு. பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கு முதல் உலகப்போர் முடியும்வரை அது கிடைக்கவில்லை. ஜெர்மானிய விமானிகளுக்கே 1918இல்தான் கிடைத்தது. ஆகவே என் பொம்மை விமானிக்கு இடுப்புப் பட்டை மட்டும். மாத்திரை அட்டையின் அலுமினியத் தகட்டை மெல்லிய கீற்றாக நறுக்கி, இடுக்கியால் மடித்துப் பொருத்தினேன்.

ஒன்பது சிலிண்டர் எஞ்சினை ஒட்டவில்லை. புரொப்பெல்லரோடு சேர்த்து ஊசியில் கோத்திருக்கிறேன். ஊதினால் இரண்டும் ஒன்றாகச் சுற்றுகின்றன. அசலிலும் அப்படித்தான், எஞ்சின் முழுவதுமே சுழலும். அந்தச் சுழலும் எடை, வலப்பக்கம் திரும்பும்போது விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தும். இடப்பக்கம் திரும்பினால் மேலே தூக்கும். போதாக்குறைக்கு, தரையை விட்டு எழும்பிய சிறிது நேரத்திலேயே பெட்ரோல் கலவையைக் குறைத்தாக வேண்டும். கை தாமதித்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும். விமானம் சுழன்று விழும். பயிற்சிக்கு வந்த எத்தனையோ இளைஞர்கள் எதிரியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் இப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்.

கேமல் ஓட்டியவர்களில் சண்டையில் இறந்தவர்கள் 413 பேர், மற்ற காரணங்களால் இறந்தவர்கள் 385 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. புகழ்பெற்ற ஜெர்மானியப் போர் விமானி ரிக்டோஃபனின் சிவப்பு விமானத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அந்த 385ஐ ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. புதியவர்கள்தான் விழுந்தார்கள் என்றும் இல்லை. வான்சண்டையில் 57 வெற்றிகள் கண்ட பிரிட்டிஷ் விமானி ஜேம்ஸ் மெக்கடன், வேறு ரக விமானமான எஸ்.இ.5ஏயில், 1918 ஜூலை 9 அன்று கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து இறந்தார். ஆசிரியரும் உடன் அமரும் இரட்டை இருக்கைக் கேமல் பயிற்சிக்கு வந்தது 1918இல்தான்; முன்கூட்டியே செய்திருக்கக் கூடாதா?

வண்ணம் முடிந்தது. மேல்புறம் ஆலிவ் கலந்த பழுப்பு, அடிப்புறம் வெளிறிய லினன் துணி நிறம். இந்த எஞ்சின், உராய்வைக் குறைக்க ஊற்றும் விளக்கெண்ணெயில் எரிந்ததுபோக மீதியை வெளியே துப்பிக்கொண்டே ஓடும் என்பதால், அடிவயிற்றில் நீர்த்த பழுப்பை முன்னிருந்து பின்னாக இழுத்து எண்ணெய்க் கறை விட்டிருக்கிறேன்.

அடுத்தது மேல் இறக்கை. அதற்கு முன், இரண்டு இறக்கைகளுக்கும் இடையே இழுத்துக் கட்டும் கம்பிகள் நுழையும் துளைகளைக் கீழ் இறக்கையில் போட வேண்டும். கம்பிக்குப் பதில் தூண்டில் நரம்பா, இழுபடும் நூலா என்று யோசித்து நூலையே எடுத்திருக்கிறேன். கை பட்டாலும் தொய்யாது.