ஆர்எக்ஸ் 580 கிராஷ்: அஞ்சு கிழமை தேடி, கடைசியா ஒரு பனஞ்சலாகைத் துண்டில வந்து நிக்குது

நேற்றிரவு ஏழு மணிக்குத் துவங்கி பதினொண்டு வரைக்கும் என்ர கொம்பியூற்றர் ஒருக்காக்கூட கிராஷ் ஆகேல்லை. இந்த நாலு மணித்தியாலத்துக்காக அஞ்சு கிழமை மினக்கெட்டிருக்கிறன், அதால சூடு ஆற முதல் எழுதி வைக்கிறன்.

காட் எண்டால் ஸ்கிறீனுக்குப் படம் குடுக்கிற கிராஃபிக்ஸ் காட், என்ரது ஏஎம்டியின்ர ஆர்எக்ஸ் 580, எட்டு ஜிபி மெமரி. 2023 இல கொழும்பில இருந்து பஸ் பார்சலில எடுப்பிச்ச செக்கன்ட் ஹான்ட் சாமான். 2022 செப்டெம்பரில எதீரியம் மைனிங்கை, அதான் காட்டுகளை இரவு பகலாக் கணக்குப் போட வைச்சு டிஜிற்றல் காசு எடுக்கிறதை, நிப்பாட்டின பிறகு இந்த மொடல் காட்டுகள் மலிஞ்சு போய்க் கிடந்தது எல்லாருக்கும் தெரியும், என்ர காட்டும் அப்பிடி ஒரு மைனிங் றிக்கில வேலை செய்ததாத்தான் இருக்கும். வித்தவர் ஒரு கிழமை வறண்டி தந்தவர், அந்த ஒரு கிழமையும் தங்கமா ஓடினது. போன வருசம் வரைக்கும் ஒரு குறையும் சொல்லேலாது.

பிரச்சினை என்னெண்டால், கேம் விளையாடிக்கொண்டிருக்கேக்க ஸ்கிறீன் சடாரெண்டு நூந்து போகும், காட்டின்ர ஃபான் உச்சத்துக்கு இரையும், ஸ்பீக்கரில கடைசியா வந்த சத்தம் ர்ர்ர் எண்டு அப்பிடியே நிக்கும். சில நேரம் நீல ஸ்கிறீன் வந்து வீடியோ டிடிஆர் பெயிலியர், 116 எண்டு காட்டும். வின்டோஸ் நடந்ததுகளைப் பதிஞ்சு வைக்கிற ஈவென்ட் வியூவரில கேர்னல் பவர் 41 வரிசையாக் கிடக்கு. உந்த 41 ஐப் பாத்திட்டு பவர் சப்ளையை மாத்தச் சொல்லி ஆக்கள் சொல்லுறவை, ஆனா 41 எண்டால் மெசின் ஒழுங்கா மூடாமல் நிண்டு போச்சு எண்டு மட்டும்தான் அர்த்தம், ஏன் நிண்டது எண்டு அது சொல்லாது. 4101 ஐத் தேடுங்கோ. காட் பதில் சொல்லுமெண்டு வின்டோஸ் ரண்டு செக்கன் பாத்துக்கொண்டு நிண்டு, பதில் வராமல் டிறைவரைத் திருப்பி எழுப்பினால்தான் அது பதியும். எனக்கு மூண்டு நாளில ஆறு 4101 இருந்தது.

எல்லாரும் செய்யிறதை நானும் செய்தன், விரிச்சு எழுதேல்லை. சேஃப் மோட்டில டிடியூ எண்ட டிறைவர் அழிக்கிற புறோகிறாமைப் போட்டு டிறைவரைத் துடைச்சன், பழைய டிறைவர் போட்டன். றாமுக்கு மெம்டெஸ்ட்86 இல நாலு பாஸ், விடியும் வரைக்கும் ஓடினது, ஒரு எரர் இல்லை. பின்னேரத்திலதான் கூட கிராஷ் ஆகுது எண்டதால கறண்டிலயும் சந்தேகம் வந்திட்டுது. எங்கட பக்கம் ஆறு ஏழு மணிக்கு லைன் வோல்டேஜ் விழும், மீற்றர் வைச்சுப் பாத்தன், 230 இருக்க வேண்டிய இடத்தில 204 காட்டுது. அதுக்கும் பவர் சப்ளையின்ர பன்னிரண்டு வோல்ட் லைனைப் பாத்தால் 11.9 இல நிக்குது, 11.4 க்குக் கீழ போனால்தான் பிழை. எண்டாலும் மனம் கேக்கேல்லை, கொக்குவிலில இருக்கிற சிநேகிதனிட்ட 650 வாட் ஒண்டு இரவல் வேண்டிப் போட்டன். அதிலயும் கிராஷ்.

பிறகுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தன். என்ர காட்டை அவன்ர மெசினில பூட்டினம், அவன்ர பழைய ஜிடி 1030 ஐ என்ரயில பூட்டினன். என்ர மெசின் அஞ்சு நாள் ஒரு சத்தமும் இல்லை. அவன்ர மெசின் மூண்டாவது மணித்தியாலமே செத்துப் போச்சு. ரண்டு பக்கமும் மாத்திப் பாக்கோணும், ஒரு பக்கம் மட்டும் மாத்தினால் தற்செயலாவும் இருக்கலாம். அண்டைக்கு இரவு அவன் ரெலிபோன் எடுத்து, "மச்சான், உன்ர காட் என்ர வீட்டிலயும் வேலையைக் காட்டிட்டுது" எண்டான். கவலையா இருந்தாலும் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது, இனித் தேட வேண்டியது ஒரு இடத்திலதான்.

சூடா இருக்குமோ எண்டு காட்டைக் கழட்டினன். சிப்பின்ர சூட்டைக் கடத்துற பேஸ்ட் காஞ்ச களிமண் மாதிரி வெடிச்சுப் போய்க் கிடந்தது. சூட்டை வெளியேத்துற ஹீற்சிங்கின்ர தகடுகளுக்கு இடையில சோளகம் கொண்டு வந்த புழுதி அப்பிடியே படை படையா. புதுப் பேஸ்ட் பூசி, மெமரிச் சிப்புகளுக்கு மேல சூடு கடத்த வைக்கிற மெத்தைத் துண்டுகளையும் (தேர்மல் பாட்) மாத்தினன். இந்தத் தேர்மல் பாட் பற்றி ஒரு சொல்லுச் சொல்லோணும்: யாழ்ப்பாணத்தில நான் கேட்ட கடைகளில ஒரே ஒரு மொத்தத்தில (தடிப்பில) மட்டும்தான் இருந்தது, பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவுக்குப் போன ஒரு தம்பியிட்டச் சொல்லித்தான் சரியான மொத்தம் எடுத்தன். மெல்லிசாப் போனால் சிப்பில முட்டாது, மொத்தமாப் போனால் ஹீற்சிங் கோரில, அதான் காட்டின்ர பெரிய சிப்பில, வடிவா அமராது. பழசை நசியாத இடத்தில அளந்துபோட்டு வாங்குங்கோ. 79 இல நிண்ட சூடு 67 க்கு இறங்கினது. கிராஷ் இறங்கேல்லை.

மைனிங் ஆக்கள் காட்டுக்குள்ள பதிஞ்சிருக்கிற பயோஸ் எண்ட சின்னப் புறோகிறாமில மெமரி டைமிங்கை மாத்தி விடுறது வழக்கம், அது நினைவு வந்து அதையும் பாத்தன். ஆனா கை வைச்ச பயோஸ் எண்டால் ஏஎம்டி டிறைவர் பச் போடாமல் ஏறாது, என்ரயில நேர ஏறுது. காட்டில இருக்கிற பயோஸ் சுவிச்சை மற்றப் பக்கம் தட்டியும் பாத்தன், அதே கதைதான்.

இனித்தான் முக்கியமான விசயம். காட்டை உச்சத்துக்கு வேலை வாங்கிற பர்மார்க் ரெஸ்ட் அரை மணித்தியாலம் ஓடிச்சுது, பாஸ். காட்டின்ர மெமரியைச் சோதிக்கிற வல்கன் மெம்டெஸ்ட் ஓடிச்சுது, அதுவும் பாஸ். இந்த இடத்தில கன பேர் காட் நல்லம் எண்டு விட்டிடுவினம், நானும் விடப் பாத்தன். மெசினுக்குள்ள இருக்கிற அளவுகளைக் காட்டுற எச்டபிள்யூஇன்போவைத் திறந்து கீழ வரைக்கும் உருட்டிக்கொண்டு போனால் ஜிபியூ மெமரி எரர்ஸ் எண்டு ஒரு வரி இருக்கு. அதில 3,180 எண்டு நிண்டது. நான் பாத்துக்கொண்டிருக்க 3,196 ஆச்சு, பிறகு 3,240.

மெம்டெஸ்ட் பாஸ் எண்டு சொல்ல இது எப்பிடி ஏறும் எண்டு யோசிச்சால், ஜிடிடிஆர்5 மெமரியில ஒரு வசதி இருக்கு. சிப்புக்கும் கோருக்கும் இடையில போற ஒவ்வொரு தொகுதி டேற்றாவுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கூடப் போகும், வழியில பிழைச்சால் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேக்கும். அதால கடைசியில வந்து சேருறது சரியான டேற்றாதான், மெம்டெஸ்ட்டுக்குப் பிழை தெரியாது, ஸ்கிறீனில புள்ளி கோடு ஒண்டும் வராது. எத்தினை தரம் திருப்பி அனுப்பினது எண்ட கணக்கு மட்டும் இந்த வரியில ஏறிக்கொண்டு போகும். பிழை அளவுக்கு மிஞ்சிப் போக காட் பதில் சொல்லாமல் நிண்டிடும், ரண்டு செக்கனில வின்டோஸ் கையை விட்டிடும். நல்ல காட்டில இந்த வரி நாள் முழுக்க சைபரில நிக்கோணும்.

அப்ப பிழை நடக்கிறது டேற்றா போய் வாற பாதையில. மெமரி கிளொக்கை, அதான் மெமரி ஓடுற வேகத்தை, 2000 இல இருந்து 1750 க்கு இறக்கினன், ஏறுற வேகம் குறைஞ்சுது, ஆனா நிக்கேல்லை. கொப்பி ஒண்டில பத்து நிமிசத்துக்கு ஒருக்கா அந்த எரர் எண்ணை எழுதத் துவங்கினன். அப்பதான் ஒரு இரவு, கேபிளைச் சரி பண்ண எண்டு கேசை மேசையில படுக்க வைச்சிட்டு, அப்பிடியே ரெஸ்டைப் போட்டிட்டுச் சாப்பிடப் போனன். திரும்பி வந்து பாத்தால் முக்கால் மணித்தியாலத்தில சைபர்.

கேசை நிமித்தினன். ரண்டு நிமிசத்தில 40. படுக்க வைச்சன், எண் அசையேல்லை. திரும்ப நிமித்தினன், ஓடுது. கேஸ் நிமிந்து நிக்கேக்க காட் படுத்திருக்கும், அதின்ர பாரம் முழுக்க ஸ்லொட்டிலயும் பின்னால இருக்கிற ஸ்குறூவிலயும்தான், வால்ப்பக்கம் அந்தரத்தில தொங்கும். கண்ணால பாத்தால் அரைச் சென்ரிமீற்றர் சரிவு தெரியும். பக்கக் கதவைக் கழட்டிப்போட்டு, ஃபான் பிளேட்டில முட்டாமல், ஆள்காட்டி விரலால வால்ப்பக்கத்தை மெல்லத் தூக்கினன். எண் நிண்டது. விரலை எடுத்தன், ஓடத் துவங்கினது. பத்துத் தரமாவது செய்திருப்பன், பத்துத் தரமும் அதே மாதிரி. அம்மா வந்து, "என்னடா விரலை உள்ளுக்கு வைச்சுக்கொண்டு நிக்கிறாய், கறண்ட் அடிக்கப் போகுது" எண்டு பேசினா, நான் அவவுக்கு ஸ்கிறீனைக் காட்டினன், "நான் தூக்க இது நிக்குது பாருங்கோ" எண்டு. அவவுக்கு என்ன விளங்கிச்சுதோ தெரியாது, பேசாமல் தேத்தண்ணி கொண்டு வந்து வைச்சிட்டுப் போனா.

ஸ்லொட்டில பிடிப்பு இல்லாமலும் இருக்கலாமே எண்டு கேப்பியள். அப்பிடி எண்டால் ஈவென்ட் வியூவரில வியா லொகர் 17 எண்டு பிசிஐ எக்ஸ்பிறஸ் எரர் வந்திருக்கோணும், ஒண்டுகூட இல்லை. அதோட அவன்ர மெசினிலயும் இதே வருத்தம், அவன்ர கேசும் நிமிந்து நிக்கிறதுதான். என்ர முடிவு, ஏதோ ஒரு மெமரி சிப்புக்கு அடியில, இல்லாட்டில் கோருக்கு அடியில, சிப்பைப் போட்டோட ஒட்டி வைச்சிருக்கிற சோல்டர் பொட்டு ஒண்டு வெடிச்சிருக்கு. போட் வளைய வெடிப்பு விரியுது, நிமிந்தால் முட்டுது. மைனிங்கில சூடேறி ஆறி, பிறகு என்ர கேசில கன காலம் தொங்கினதுக்கு இது வராட்டில்தான் அதிசயம்.

முட்டுக் கொடுக்க முதல் தங்கூசியால மேல இழுத்துக் கட்டிப் பாத்தன், ஃபான் ஆட்டத்துக்கு இளகிப் போகுது. பேந்து கொட்டில் மேஞ்சு மிஞ்சின பனஞ்சலாகையில ஒரு துண்டு வெட்டினன். வைரமான மரம், நல்லாக் காஞ்சது, கறண்டும் கடத்தாது. வால்ப்பக்கத்தில இருந்து பவர் சப்ளை மூடி வரைக்கும் 13.6 சென்ரிமீற்றர் வந்தது, நான் 13.8 இல வெட்டிப்போட்டு மணல் கடதாசியால தேய்ச்சுத் தேய்ச்சுக் குறைச்சன். இதில அவசரப்படாதேங்கோ. அரை மில்லிமீற்றர் கூடினால் போட் மற்றப் பக்கம் வளையும், அப்பவும் எண் ஏறுது, நான் கண்டன். 13.7 இல சைபர். உச்சியில சைக்கிள் ரியூப் துண்டு ஒண்டு ஒட்டியிருக்கு, வழுக்காமல் இருக்க.

வெடிச்ச சோல்டர் உருகி ஒட்டுமெண்டு, காட்டை கேக் சுடுற ஓவனில வைச்சு எடுக்கச் சொல்லி ரண்டு பேர் சொல்லிட்டினம். தயவுசெய்து செய்யாதேங்கோ. ஈயம் கலக்காத சோல்டர் உருக 217 பாகை வேணும், ஆக்கள் சொல்லுற 200 இல அது உருகவே உருகாது, பிளாஸ்ரிக் கனெக்டரும் கப்பாசிற்றரும்தான் நாசமாப் போகும்.

சரியான வைத்தியம் சிப்பைக் கழட்டிப் புதுச் சோல்டர் பொட்டு வைச்சு இருத்துறது. போன் போட் திருத்துற அண்ணை ஒராளிட்டக் கேட்டன். "தம்பி, எட்டு மெமரிச் சிப்பில எது எண்டு சொன்னா ஒண்டைச் செய்யலாம், எட்டையும் எண்டால் காட்டின்ர விலை வந்திடும்" எண்டார், ஞாயமான கதை. அதால அடுத்த வேலை எந்தச் சிப் எண்டு பிடிக்கிறது. பின் தகட்டைக் கழட்டிப்போட்டு, முட்டுக் குடுத்த சலாகையை எடுத்திட்டு, ஒவ்வொரு சிப்புக்கும் நேர பின்பக்கத்தில பென்சிலின்ர அழிறப்பரால மெல்ல அமத்தி எண்ணைப் பாக்கப் போறன், எட்டுக்கும் கொப்பியில கட்டம் கீறி வைச்சிருக்கிறன். அதுக்குள்ள ஆரும் ஜிடிஎக்ஸ் 1660 சுப்பர் காட் நல்ல விலைக்குக் குடுக்கிறதெண்டால் சொல்லுங்கோ, மைனிங்கில ஓடினதெண்டாலும் பரவாயில்லை, ஆனா வந்து பூட்டி ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பாத்திட்டுத்தான் காசு.

இதை எழுதேக்க பக்கத்தில ரெஸ்ட் ஓடுது. ரண்டு மணித்தியாலம் பத்து நிமிசம், 2000 கிளொக், 66 பாகை, எரர் சைபர்.