அம்மா நிற்கும் இடம்

காலை ஆறரை மணிக்கு அம்மா சமையலறை ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். கம்பளிச் சால்வை, குரங்குக் குல்லா, கம்பியில் சாய்த்து வைத்த போன். திறந்த ஜன்னல் வழியே பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"இங்கதான்டா வைஃபை ரெண்டு கோடு வருது. உள்ள போனா புள்ள முகம் அப்படியே நின்னுடுது."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

குன்னூரில் எங்களுடையது பழைய கல் வீடு. சுவர் ஒன்றரை அடி கனம். ரௌட்டர் முன்னறையில். அதன் இரண்டு அலைவரிசைகளில் (பேண்ட்) 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இந்தக் கல்லைத் தாண்டுவதற்குள் ஓய்ந்துவிடும். 2.4 இன்னும் கொஞ்சம் உள்ளே போகும், வேகம் குறைவு. கேட்டில் மாட்டிய கேமரா அதில்தான் ஓடுகிறது. விடியலில் வாசலில் காட்டெருமை நிற்கிறதா என்று பார்க்காமல் நாங்கள் கதவைத் திறப்பதில்லை.

இன்றே கடைக்குப் போனேன். மூன்று டப்பா மெஷ் செட்டைக் காட்டினார்கள்; டப்பாக்களை வீட்டில் அங்கங்கே வைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே வைஃபையாகப் பரப்பும். எங்களுக்கு இரண்டு போதும். நான் பார்த்தது ஒன்றுதான்: இரண்டாவது டப்பாவிலும் கேபிள் செருக இடம் இருக்கிறதா? கேபிள் இல்லாவிட்டால் அதைச் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும். இரண்டு பேண்ட் மட்டும் உள்ள செட் என்றால், டப்பாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கே வேகத்தில் ஒரு பங்கு போய்விடும். கேபிள் இழுத்தால் நேராகச் சமையலறையிலேயே வைக்கலாம்.

கதவுக்கு மேலுள்ள வென்டிலேட்டர் வழியாக இழுத்தோம். மழைக்காலத்தில் கரண்ட் போகுமே, அதற்கு ஒரு மினி யுபிஎஸ்.

இணைய வேகம் எத்தனை எம்பிபிஎஸ் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று நான் எப்போதோ கேட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் அம்மா அடுப்புப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பூண்டு உரித்துக்கொண்டே பேரனிடம் பேசினார். ஜன்னல் சாத்தியிருந்தது.