தொங்கும் தோலும் காப்பீட்டுக் கோப்பும்

ஜனவரி 9

இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் 128 கிலோவாக இருந்த எடை 74 கிலோவுக்கு இறங்கி, அங்கேயே நிலைத்திருக்கிறது. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது, முழங்கால் வலியும் பெரிதும் அடங்கிவிட்டது. அடிவயிற்றுத் தோல் மட்டும் தொடையின் மேற்பகுதியை மூடித் தொங்குகிறது. பல ஆண்டுகள் விரிந்தே இருந்த தோலில் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் சிதைந்துவிடுவதால் அது தானாகச் சுருங்காது என்றும், உடற்பயிற்சி தசையை வலுப்படுத்துமே தவிர உபரித் தோலைக் குறைக்காது என்றும் பிளாஸ்டிக் சர்ஜன் விளக்கினார். அந்தத் தோலை அறுவை சிகிச்சையில் நீக்கும் செலவைக் காப்பீடு ஏற்குமா என்று கேட்டேன். அவர் மடிப்பை உயர்த்தி அடியில் பார்த்தார். தோல் செக்கச்சிவந்து, ஓரம் வெளுத்து ஊறி, நடுவில் மெல்லிய வெடிப்பிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. "அனுமதி கிடைப்பதும் கிடைக்காததும் இந்த இடத்தைப் பற்றிய பதிவுகளைப் பொறுத்தது" என்றார்.

ஜனவரி 17

பாலிசியின் விலக்குகள் பகுதியைப் பொறுமையாக வாசித்தேன். தோற்றத்தை மேம்படுத்தும் அறுவை சிகிச்சைக்குப் பணம் இல்லை. உடல்நலத்துக்கு அவசியம் என்று மருத்துவர் சான்றளித்தால் மட்டும் பரிசீலனை உண்டு. பெரும்பாலான பாலிசிகளின் சாரம் இதுதான். எத்தனை கிலோ குறைத்தோம் என்பது மட்டும் அனுமதிக்குப் போதாது. அத்தனை பாடுபட்டவருக்கு இது கசப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் தொங்கும் தோல் என்ன நோயை உண்டாக்குகிறது, எந்த வேலையைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பதே அவர்கள் தேடும் விடை என்று புரிந்துகொண்டால், எதைச் சேகரிக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

இதற்குள்ளேயே இரண்டு அறுவை சிகிச்சைகளைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. அடிவயிற்றில் தொங்கும் தோலையும் கொழுப்பையும் மட்டும் வெட்டியெடுப்பது பானிகுலெக்டமி. விலகிய வயிற்றுத் தசைகளை இழுத்துத் தைத்து, தொப்புளை இடம் மாற்றி, வயிற்றையே சீரமைப்பது அப்டாமினோபிளாஸ்டி. காப்பீடு கிடைக்குமென்றால் அநேகமாக முதலாவதற்குத்தான். விண்ணப்பத்தில் இரண்டாவதன் பெயர் இடம்பெற்றாலே மறுப்புக்கு வழி பிறந்துவிடும் என்பதால், மருத்துவமனை எழுதும் சிகிச்சைப் பெயரைக் கையெழுத்திடும் முன் சரிபார்ப்பது மிக அவசியம்.

பிப்ரவரி 2

தோல் மருத்துவரிடம் போனேன். மடிப்புக்குள் வியர்வையும் உராய்வும் சேர்ந்து உண்டாக்கும் இந்த அழற்சிக்கு இன்டர்ட்ரைகோ என்று பெயர்; ஈரம் நிற்குமிடத்தில் கேண்டிடா பூஞ்சை எளிதாகப் பற்றிக்கொள்ளும். பூஞ்சைக் களிம்பும் பவுடரும் எழுதிக் கொடுத்து, மடிப்புக்கிடையே பருத்தித் துணி வைக்கச் சொன்னார். பல நிறுவனங்கள் குறைந்தது 3 மாதம் முறையாக வைத்தியம் பார்த்தும் குணமாகவில்லை என்பதற்கு ஆதாரம் கேட்கின்றன. ஆகவே ஒவ்வொரு வருகையின்போதும் புண் இருக்கும் இடம், அளவு, கொடுத்த மருந்து, அதனால் கிடைத்த பலன் ஆகியவற்றைச் சீட்டிலேயே எழுதித் தருமாறு வேண்டிக்கொண்டேன். வீட்டிலேயே களிம்பு தடவிச் சமாளிப்பவர்களின் வேதனை எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. எடை குறைக்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுவென்று நினைக்கிறேன்.

மே 6

கோப்பு தயார். நின்ற நிலையில் முன்புறமும் இரு பக்கவாட்டும், மடிப்பை உயர்த்திப் புண் தெரியும்படியும் படங்கள் எடுத்தார்கள். கூச்சமாக இருந்தது, செவிலியர் கனிவோடு நடந்துகொண்டார். தோல் அந்தரங்க உறுப்பு மேட்டைத் தாண்டித் தொங்குகிறது என்பதை அந்தப் படங்களே காட்ட வேண்டும். மடிப்பு எதுவரை இறங்குகிறது என்பதைக் கொண்டு 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். தொடையின் மேற்பகுதியை எட்டினால் 3, முழங்காலை எட்டினால் 5. எடை 6 மாதமாக மாறவில்லை என்பதற்கான பதிவையும், இரைப்பை அறுவை சிகிச்சை முடிந்து 18 மாதம் கடந்ததற்கான சான்றையும் இணைத்தோம். எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கையில் வெட்டினால் மறுபடியும் தோல் தொங்கும் என்பதால், இந்தக் காத்திருப்பு நியாயமானதே.

மே 28

முன் அனுமதி மறுக்கப்பட்டது. "தோற்ற மேம்பாட்டுச் சிகிச்சை" என்ற ஒற்றை வரியே காரணம். இணைத்த சீட்டுகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது என்னை மிகவும் வருத்தியது. பாலிசியின் எந்த விதி, அதன் எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்பதை எழுத்தில் கேட்டிருக்கிறேன். அது தெரியாமல் மேல்முறையீடு எழுதுவது இருட்டில் கல்லெறிவதற்குச் சமம்.

ஜூன் 14

நடைப்பயிற்சியும் குனிந்து செய்யும் வேலைகளும் எந்த அளவுக்குத் தடைபடுகின்றன என்பது பதிவாகவில்லை என்று பதில் வந்தது. சர்ஜன் அதை விரிவாக எழுதி, நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகரிடம் நேரடியாகத் தொலைபேசியிலும் பேசினார். படிவத்தால் முடியாததை இரு மருத்துவர்களின் உரையாடல் பல வேளைகளில் சாதித்துவிடுகிறது.

கைகளுக்கும் உள்தொடைகளுக்கும் சேர்த்தே கேட்டிருந்தோம். அவற்றைப் பரிசீலிக்கவே மறுத்துவிட்டார்கள். உள்தொடையிலும் அதே உராய்வுதான், அதே பூஞ்சைதான். ஒரே நோய் வயிற்றில் வந்தால் நோயென்றும் தொடையில் வந்தால் அழகுப் பிரச்சினையென்றும் கொள்வதற்கு மருத்துவ நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

ஜூலை 11

அடிவயிற்றுத் தோல் நீக்கத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்துவிட்டது. அதே மயக்க மருந்தில் தசையையும் தைத்துவிடலாம், அதற்கான பணத்தைத் தனியாகக் கட்டினால் போதும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அதன் பிறகு நீர் கோத்தாலோ தையல் பிரிந்தாலோ, எந்தப் பகுதியால் வந்தது என்ற வழக்கு எழும். அனுமதிக்கப்படாத சிகிச்சையால் வரும் சிக்கல்களுக்குப் பணம் இல்லை என்று பாலிசி தெளிவாகவே சொல்கிறது. எனவே தசைத் தையல் வேண்டாமென்று முடிவு செய்துவிட்டேன். இரைப்பை அறுவைக்குப் பின் புரதமும் இரும்பும் பி12-உம் குறைவது வழக்கம்; குறைந்தால் புண் ஆறத் தாமதமாகும். நாளை காலை அவற்றுக்கான ரத்தப் பரிசோதனை இருக்கிறது, முடிவு வந்த பிறகே தேதி குறிப்பார்கள்.