பென்ச்சில் இரண்டாவது நாற்காலி

கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் 'அசிஸ்டன்ட் பேஸ்கட்பால் கோச்' என்று அச்சடித்த நியமன ஆணையைப் பார்ப்பது அரிது. ஆனால் அந்த வேலையைச் செய்கிற ஆள் நல்ல டீம் ஒவ்வொன்றிலும் இருப்பார். போன வருடம் வரை அதே டீமில் ஆடியவராக இருக்கலாம், எம்.பி.எட். (உடற்கல்வி முதுகலை) படித்துக்கொண்டிருப்பவராக இருக்கலாம், பக்கத்துப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்துகொண்டு சாயங்காலம் வந்து போகிறவராகவும் இருக்கலாம். சம்பளம் தொகுப்பூதியம். சில இடங்களில் ஹாஸ்டல் அறையும் மெஸ் சாப்பாடும்தான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கென்று ஓர் ஏணி உண்டு. கிராஜுவேட் அசிஸ்டன்டாக உள்ளே நுழைந்து, வீடியோ வேலை பார்த்து, மெல்ல மேலே ஏறலாம். அங்கே முதல் டிவிஷன் ஆண்கள் அணிக்கு மூன்றாக இருந்த அசிஸ்டன்ட் கணக்கில், 2023 ஜூலை முதல் கோர்ட்டில் பயிற்சி தர இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ள அனுமதி வந்தது. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கே அதே ஏணியைத் தேடினால் கிடைக்காது. இங்கே இருப்பது இரண்டு பாதை. எது என்று முதல் வருடத்திலேயே முடிவு செய்யாதவர்கள்தான் முப்பது வயதிலும் தொகுப்பூதியத்தில் நிற்கிறார்கள்.

ஒன்று, பி.டி. பாதை, அதாவது கல்லூரியில் உடற்கல்வி வேலைக்குப் போவது. டிகிரி, இரண்டு வருடம் பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்), இரண்டு வருடம் எம்.பி.எட்., அதில் 55 சதவீதம், பிறகு கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட். நெட்டில் உடற்கல்விக்குப் பாட எண் 47. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி உடற்கல்வி உதவி இயக்குநர் வேலைக்கு ஓட்டத் தேர்வும் உண்டு: ஆண்களுக்கு 12 நிமிடத்தில், 30 வயது வரை 1800 மீட்டர், 40 வரை 1500. பெண்களுக்கு 8 நிமிடத்தில் 1000, 800. விளையாடுகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு தூரமே இல்லை. சறுக்குவது மதிப்பெண்ணில்தான், எம்.பி.எட். படிக்கும்போதே காலை மாலை கோச்சிங் என்று ஓடி, 54-ல் முடித்துவிட்டு விழிப்பவர்கள் உண்டு. (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு இருக்கிறது.) எஞ்சினியரிங் முடித்த ஆட்டக்காரரும் பி.பி.எட். சேரலாம்: டிகிரியில் 50 சதவீதமும், கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் ஆடிய சான்றிதழும் போதும். அந்தச் சான்றிதழை லேமினேட் செய்துவிடாதீர்கள், சரிபார்ப்பில் வம்பு வரும். படிப்புக்குத் தூரம் போகவும் வேண்டியதில்லை, பெரியநாயக்கன்பாளையம் வித்யாலயாவிலேயே மாருதி உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது.

மற்றது, கோச் பாதை. பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) ஒரு வருட டிப்ளமோதான் இதற்கு அடித்தளம். ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் அங்கே உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்து, ஆறு வாரத்தை முடித்துவிட்டு 'என்.ஐ.எஸ். கோச்' என்று கார்டு அடிப்பவர்களைப் பார்க்கலாம். நேர்முகத்தில் முதல் கேள்வியே அதில்தான் விழும். என் யோசனை: பி.பி.எட். முதலில், ஆறு வாரம் இடையில் ஒரு கோடை விடுமுறையில், டிப்ளமோ கடைசியில். இந்தப் பக்கம் கல்லூரி நிர்வாகங்கள் கோச்சை மாற்றும், பி.டி.யை லேசில் மாற்றாது.

இனி நாற்காலி வேலை, அதாவது ஆட்டத்தின்போது ஹெட் கோச் பக்கத்தில் உட்கார்ந்து அசிஸ்டன்ட் செய்வது. ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி ஹெட் கோச், முதல் அசிஸ்டன்ட் இருவரில் ஒருவர்தான் ஒரு நேரத்தில் நின்றுகொண்டிருக்கலாம். டைம்-அவுட் கேட்கும் உரிமை இருவருக்கும் உண்டு. முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3, மிச்சம் வைத்தால் அடுத்த பாதிக்கு வராது. ஆள் மாற்றுவதில்தான் புது அசிஸ்டன்ட் மாட்டுவார். பென்ச்சிலிருந்தே ஸ்கோரரைப் பார்த்து "சப்! சப்!" என்று கத்துவார். ஸ்கோரர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார், பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. மாற்று ஆட்டக்காரர் தானே ஸ்கோரரின் டேபிளுக்குப் போய்க் கேட்டால்தான் செல்லும். "எந்திரி கண்ணு, டேபிள்ல போய்ச் சொல்லு" என்று முன்கூட்டியே கிளப்பிவிட வேண்டும். பந்து டெட் ஆகி ஆட்டம் நின்ற பிறகு கிளப்பினால் அந்த வாய்ப்பு கை நழுவிப்போகலாம்.

கடைசி இரண்டு நிமிடத்துக்கு ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். எதிரணி கூடை போட்டதும் நாம் டைம்-அவுட் எடுத்தால், பந்தை கோர்ட்டில் நம் பாதியிலிருந்து போடுவதா எதிரணிப் பாதியிலிருந்தா என்று கேட்பார்கள். எதிரணிப் பாதியிலிருந்து போட்டால் ஷாட் கிளாக்கில் (ஷாட் எடுக்க உள்ள நேரம்) 14 நொடி, நம் பாதி என்றால் 24. இரண்டு பாயின்ட் முன்னிலையில் நேரத்தைக் கரைக்க வேண்டியவர் அவசரத்தில் 14-ஐ வாங்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும். ஹெட் கோச் பலகையில் ப்ளே வரைந்துகொண்டிருப்பார். அவர் காதில் இதைப் போடுவது இரண்டாவது நாற்காலியின் பொறுப்பு.

குறிப்பு நோட்டில் ஸ்கோரை எழுதாதீர்கள், அதை டேபிள் பார்த்துக்கொள்ளும். டர்ன்ஓவர் (ஷாட் எடுக்காமலே பந்தை இழப்பது) எப்படிப் போனது, எதிரணிக்கு இரண்டாவது ஷாட் கிடைத்தபோது பாக்ஸ்-அவுட் செய்யாதவர் (உடலால் எதிராளியைத் தடுத்து நிறுத்தாதவர்) யார், குவார்ட்டரில் டீம் ஃபவுல் எத்தனை (ஐந்தாவதிலிருந்து ஃப்ரீ த்ரோ), இந்த மூன்றும் போதும். பத்துக் கட்டம் போட்டு ஆரம்பிக்கிற நோட்டு இரண்டாவது குவார்ட்டரில் காலியாகத்தான் இருக்கும்.

ஆடி மாதத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். திறந்தவெளி கோர்ட்டில் சாயங்கால ஷூட்டிங் சதவீதத்தை வைத்து ஒருவரை டீமிலிருந்து தூக்குவது அநியாயம். அந்தப் பருவத்தில் ஷூட்டிங்கைக் காலை ஆறு மணிக்கு வைத்து, மாலையில் டிஃபென்ஸும் லே-அப்பும் ஓட்டலாம்.

அசிஸ்டன்டின் பெயர் கெடுவதும் நிலைப்பதும் பெரும்பாலும் தகுதிப் படிவத்தில்தான். பல்கலைக்கழக அணிகளின் போட்டிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிளஸ் டூ தேறிய வருடம், கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட போட்டோ எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். நம்மூரில் தொல்லை இனிஷியல். பட்டியலில் 'க. பிரவீன்' என்றிருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் நிற்கும். கிளம்புகிற அன்று கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது, பன்னிரண்டு பேர் பதினொன்றாகிவிடுவார்கள். ஜூலையில், டீம் தேர்வு முடிந்த வாரமே, ஒவ்வொருவருக்கும் ஒரு கவர் போட்டு எல்லாக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மாலை நேர வேலை.

அடுத்த வாய்ப்பு விளம்பரத்தில் வராது. கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை பேஸ்கட்பால் போட்டி நடக்கும்போது டேபிள் வேலைக்கு ஆள் தேவைப்படும், பெயர் கொடுங்கள். பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர் எந்தக் கல்லூரி பி.டி. என்பது அப்போது தெரியவரும்.