‘எல் ஹராமா’ பாடத்தில் இருந்தால் எப்படிப் படிப்பது?

ஸ்பானிஷ் எம்.ஏ. பாடத்திட்டத்தில் இந்த நாவலின் பெயரைப் பார்த்ததும் எல்லாரும் முதலில் செய்வது ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடுவதுதான். மார்க்கேஸ், போர்ஹேஸ் என்றால் ஆங்கிலத்தில் அலமாரி அலமாரியாக இருக்கும், தமிழிலும் கிடைக்கும். இதை எழுதிய ரஃபாயெல் சான்சேஸ் ஃபெர்லோசியோ விஷயம் அப்படியில்லை. 2004ல் ஸ்பானிஷ் இலக்கியத்தின் உயரிய விருதான செர்வாந்தேஸ் விருது வாங்கியவர், ஸ்பெயினில் பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே இருப்பவர், ஆனால் அந்த நாட்டு எல்லையைத் தாண்டினால் பெயர் சொன்னால் தெரிந்தவர்கள் குறைவு. ‘எல் ஹராமா’வுக்கு 1962லேயே ஓர் ஆங்கிலப் பதிப்பு வந்தது, முதல் நாவலான ‘அல்ஃபான்ஹுயி’யை மார்கரெட் ஜுல் கோஸ்தா 2000ல் மொழிபெயர்த்தார். கட்டுரைகள் மலைபோல் எழுதியிருக்கிறார், அவற்றில் பெரும்பகுதி ஸ்பானிஷைத் தாண்டவே இல்லை.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆங்கிலப் பதிப்பு கையில் கிடைத்தாலும் அதை நம்பித் தேர்வுக்குப் போகாதீர்கள். அதிலிருந்து கிடைப்பது கதை, இந்த நாவலில் கதை மூன்று வரிதான். ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை, மாட்ரிட்டில் வேலை பார்க்கும் பதினோரு இளைஞர்களும் பெண்களும் கிழக்கே சான் ஃபெர்னாந்தோ பக்கம் ஹராமா ஆற்றில் குளிக்கப் போகிறார்கள். பேசுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள், வெயிலில் படுத்துக்கிடக்கிறார்கள். இருட்டும் நேரத்தில் லூசி என்ற பெண் மூழ்கிச் செத்துப்போகிறாள். அவ்வளவுதான். வினாத்தாளில் வருவது இந்தக் கதை இல்லை, புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் எடுத்துப்போட்டு விளக்கவுரை எழுதச் சொல்வார்கள், ‘கொமெந்தாரியோ தெ தெக்ஸ்தோ’ என்று படிக்கிறோமே, அதுதான். அந்தப் பக்கத்தில் நான்கு பேர் எதையோ பேசிக்கொண்டிருப்பார்கள், பெரிதாக ஒன்றும் நடக்காது. ஸ்பானிஷில் படிக்காதவருக்கு அங்கே எழுத ஒரு வரிகூட வராது.

சரி, எப்படிப் படிப்பது? முதலில் அகராதியை மூடிவைத்துவிட்டு ஒரு தாளை எடுத்து ஆட்களை எழுதுங்கள். மிகேல், அலீசியா ஒரு ஜோடி, செபாஸ், பாவுலீனா ஒரு ஜோடி, சாந்தோஸ், கார்மென் ஒரு ஜோடி. மிச்சம் ஃபெர்னாந்தோ, மெலி, தீத்தோ, தனியெல், லூசி. செபாஸும் பாவுலீனாவும் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள், மற்றவர்கள் சைக்கிளில். கொஞ்சம் மேலே ஒரு மதுக்கடை, அதன் முதலாளி மௌரீசியோ, மனைவி ஃபௌஸ்தீனா, மகள் ஹுஸ்தீனா, அங்கே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் லூசியோ, வந்துபோகும் உள்ளூர்க்காரர்கள். லூசியோ வேறு, லூசி வேறு, இதைத் தடித்த எழுத்தில் எழுதிவையுங்கள், தேர்வு அவசரத்தில் இவர்களை மாற்றி எழுதுபவர்கள் நிறையப் பேர்.

இந்தப் பட்டியல் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஃபெர்லோசியோ பல இடங்களில் யார் பேசுகிறார் என்றே சொல்வதில்லை. பேச்சு ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும், ‘என்றான்’ ‘என்றாள்’ எதுவும் இருக்காது, ஆறாவது வரியில் யாராவது ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதுதான் இதுவரை பேசியது யார் என்று பிடிபடும். இதற்கு எனக்குப் பயன்பட்ட ஒரே வழி, சத்தமாக வாசிப்பது. அறையில் தனியாக இருக்கும்போது வாய்விட்டு வாசியுங்கள், முடிந்தால் கூடப் படிக்கும் இரண்டு பேரைப் பிடித்து ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் படிக்கும்போது சலிப்பாக இருந்த பக்கங்கள் காதில் விழும்போது சட்டென்று உயிர் பெறும், யார் யாரைச் சீண்டுகிறார், யார் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்பது தெரிந்துவிடும். ஐம்பதுகளின் மாட்ரிட் பேச்சு என்பதால் தெரியாத வழக்குகள் ஏராளமாக வரும், எல்லாவற்றையும் தேடாதீர்கள், தேடினால் புத்தகம் முடியாது. ஒரு காட்சி முழுக்க வாசித்தபிறகும் தொண்டையில் சிக்கிக்கொண்டு நிற்பவற்றை மட்டும் பாருங்கள். மனுவேல் சேக்கோ குழுவினரின் ‘தற்கால ஸ்பானிஷ் அகராதி’ (1999) இதற்கு நல்லது, அச்சில் வந்த மேற்கோள்களோடு பொருள் தரும், இப்போது இணையத்திலும் இலவசமாகப் பார்க்கலாம்.

அடுத்தது கடிகாரம். காலையில் தொடங்கி நள்ளிரவு தாண்டி முடியும் ஏறக்குறைய பதினாறு மணி நேரம்தான் மொத்த நாவலும். அத்தியாய எண்கள் இல்லை, நடுவில் இடைவெளி விட்டுக் காட்சி மாறும், ஆற்றங்கரையிலிருந்து மதுக்கடைக்கு, மதுக்கடையிலிருந்து ஆற்றங்கரைக்கு. ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் பென்சிலால் இடத்தையும் தோராயமான நேரத்தையும் குறித்துக்கொண்டே போங்கள், வெயில் எங்கே விழுகிறது, நிழல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது, எத்தனை பாட்டில் காலியாகிவிட்டது என்று அவரே துப்புக் கொடுத்துக்கொண்டே போவார். தேர்வில் ஒரு துண்டைக் கொடுத்ததும் இது நாவலில் எந்த இடம் என்று முதல் பத்தியில் எழுதவேண்டுமே, அதற்கு இந்தப் பென்சில் குறிப்புகள்தான் கைகொடுத்தன. மற்ற நாவல்களில் அத்தியாயத்தை வைத்துத் தப்பித்துவிடலாம், இதில் வெயிலை வைத்துத்தான் சொல்லமுடியும்.

ஒரு காட்சியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆற்றைப் பற்றிய ஒரு முன்வர்ணனைக்குப் பிறகு கதை தொடங்கும் முதல் வரியே ஒரு கேள்வி, திரையைக் கொஞ்சம் விலக்கிக்கொள்ளட்டுமா என்று லூசியோ கேட்கிறார். பின்சுவரின் இருட்டில் முதுகு, வாசல் வெளிச்சத்தில் முகம், எப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று அடுத்த வாக்கியம் சொல்கிறது. அந்த ஆள் என்ன நினைக்கிறார் என்று ஒரு சொல்கூட இல்லை. இதைத்தான் பாடப்புத்தகங்கள் ‘ஒப்ஹெதிவீஸ்மோ’ என்று அழைக்கின்றன, கதைசொல்லி மனசுக்குள் போகமாட்டார், கேமரா பார்ப்பதைப் பார்த்து, ஒலிப்பதிவுக் கருவி கேட்பதைக் கேட்டு எழுதுவார். இந்த வரையறையை ஒப்பித்து எழுதினால் ஓரளவு மதிப்பெண் வரும், ஆனால் அது முழு உண்மை இல்லை. ஆற்றையும் வெளிச்சத்தையும் வர்ணிக்கும் இடங்களில் நடை திடீரென்று கவிதையாகிவிடுகிறது, உவமைகள் வருகின்றன, கேமரா உவமை சொல்லாது. கொடுத்த துண்டில் அப்படி ஒரு வாக்கியம் இருந்தால் விட்டுவிடாதீர்கள், அதைச் சுட்டிக்காட்டி, பேச்சுப் பகுதியின் வறட்சியோடு ஒப்பிட்டு எழுதுங்கள். திருத்துபவர் அதே வரையறையை நாற்பது தாளில் படித்துச் சலித்துப்போயிருப்பார்.

போர் வரும் இடத்தையும் கட்டாயம் குறித்துவையுங்கள். ஆற்றங்கரையில் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது, உள்நாட்டுப் போரில் இந்த ஆற்றில் எவ்வளவோ பேர் செத்தார்கள் என்று பேச்சு வருகிறது, நாம் இறங்கிக் குளிக்கிற இதே இடத்தில் ஒரு பிணம் கிடந்திருக்கலாம் என்று யாரோ சொல்கிறார்கள், பிறகு பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. 1937 பிப்ரவரி ஹராமாச் சண்டையில் பெரும் உயிர்ச்சேதம், அந்தப் பெயரைத் தலைப்பில் பார்த்ததுமே அந்தக் காலத்து ஸ்பானிய வாசகருக்குப் போர் ஞாபகம் வராமல் இருக்காது. சர்வாதிகாரி பிராங்கோவின் தணிக்கை இருந்த காலம், அதனால் யாரும் எந்தக் கட்சியையும் சொல்வதில்லை. இன்னொரு காட்சியில் சிவில் கார்ட் காவலர்கள் இருவர் வந்து, குளியல் உடையோடு நடக்கும் மெலியைப் பார்த்து மேலே ஏதாவது போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அரசியல் என்று நாவலில் வெளிப்படையாகத் தெரிவது கிட்டத்தட்ட இவ்வளவுதான். சமூக யதார்த்தவாதம் பற்றிய கட்டுரைக் கேள்வி வந்தால் இந்த இரண்டு காட்சிகளை வைத்தே எழுதலாம், பொதுவாகப் பிராங்கோ ஆட்சி பற்றி இரண்டு பக்கம் எழுதி நாவலை மறந்துவிடாதீர்கள்.

நாவலின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆறு எங்கிருந்து பிறந்து எங்கே போகிறது என்று ஒரு வறண்ட நிலவியல் வர்ணனை வரும். அது ஃபெர்லோசியோ எழுதியதே இல்லை! காசியானோ தெ பிராதோ என்ற 19ஆம் நூற்றாண்டு நிலவியலாளர் மாட்ரிட் மாகாணம் பற்றி எழுதிய நூலிலிருந்து எடுத்தது. விமர்சகர்கள் அந்தப் பகுதியைப் பாராட்டவும், பின்னாளில் ஒரு பதிப்பின் குறிப்பில் இது யாருடையது என்று அவரே சொல்லி, நாவலிலேயே சிறந்த உரைநடை இதுதான் என்று ஒரு குத்தும் வைத்தார். வைவாவில் இதைச் சொன்னால் தேர்வாளர் முகம் மலரும், அனுபவம்.

ஆசிரியர் வாழ்க்கை பற்றி அதிகம் மனப்பாடம் செய்யவேண்டாம். 1927ல் ரோமில் பிறந்தார், தாய் இத்தாலியர், தந்தை ரஃபாயெல் சான்சேஸ் மாசாஸ் ஸ்பெயினின் பாசிசக் கட்சியான ஃபலாங்கேயை உருவாக்கியவர்களில் ஒருவர். 1953ல் நாவலாசிரியை கார்மென் மார்த்தின் கைத்தேயை மணந்தார், 2019ல் மாட்ரிட்டில் இறந்தார். ஆண்டுக் குழப்பம் ஒன்று இருக்கிறது: இந்த நாவலுக்குக் கிடைத்த நதால் பரிசு 1955ஆம் ஆண்டுக்கானது, ஆனால் அறிவித்தது 1956 ஜனவரி 6 அன்று, புத்தகம் வெளிவந்ததும் 1956ல். இரண்டு ஆண்டும் குறிப்புகளில் மாறி மாறி வரும், பயப்படவேண்டாம். ‘ரெவிஸ்தா எஸ்பஞோலா’ இதழில் அல்தெக்கோவா, சாஸ்த்ரே ஆகிய எழுத்தாளர்களோடு சேர்ந்து வேலை செய்ததும், அதில் நியோரியலிசத் திரைக்கதையாசிரியர் சவாத்தீனியின் இத்தாலியக் கதையை மொழிபெயர்த்ததும் முக்கியம், இத்தாலிய நியோரியலிசத் தாக்கம் என்று எழுதும்போது சான்று கேட்டால் இதைக் கொடுக்கலாம். அப்புறம் இந்த மனிதர் இவ்வளவு புகழ் வந்தபிறகு நாவலை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் பல வருஷம் இலக்கண ஆராய்ச்சியில் மூழ்கிவிட்டார், ‘எல் ஹராமா’ தனக்குப் பிடிக்கவில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த நாவல் ‘யார்ஃபோஸின் சாட்சியம்’ வர 1986 ஆனது. நாவல் பேச்சு மொழியில் எழுதப்பட்டது என்பதையும் அவர் பின்னால் மொழியியலுக்குப் போனதையும் சேர்த்து ஒரு பத்தி எழுதலாம், நன்றாகவே எடுபடும்.

உதவி நூல்கள் அதிகம் கிடைக்காது என்று கவலைப்படுபவர்களுக்கு: டெல்லியில் இருந்தால் இன்ஸ்திதூத்தோ செர்வாந்தேஸ் நூலகத்துக்குப் போங்கள், வெளியூரில் இருந்தால் அவர்களின் இணையதளமான செந்த்ரோ விர்த்துவால் செர்வாந்தேஸைத் துழாவுங்கள். இங்கே எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதிவைத்த நாவலாக இருந்தால் உங்கள் விடையும் அவர்கள் விடை மாதிரியே வந்துவிடும், இதில் உங்கள் பென்சில் குறிப்பிலிருந்து எழுதித்தான் ஆகவேண்டும், அது நல்லதுதான்.

நேரம் குறைவாக இருப்பவர்கள் மூன்று இடங்களை மட்டும் ஸ்பானிஷில் முழுதாக வாசித்துவிடுங்கள்: முதல் மதுக்கடைக் காட்சி, போர்ப் பேச்சு வரும் இடம், உடம்பில் ஒட்டிய மண்ணைக் கழுவ இருட்டில் தண்ணீரில் இறங்குவதிலிருந்து லூசியைத் தூக்கிக் கரையில் போடும்வரை உள்ள பகுதி. நீதிபதி ஆல்கலாவிலிருந்து வந்து பிணத்தைப் பார்வையிட்டு ஆட்களை விசாரிக்கும் கடைசிப் பகுதியைத் தவிர்க்கிறார்கள் பலர், நீளமாக இருக்கிறது என்று. நேரம் கிடைத்தால் அதையும் படியுங்கள், பகல் முழுக்க அரட்டையாக ஓடிய அதே பேச்சு அங்கே வாக்குமூலமாக எழுதப்படுகிறது, வினாத்தாளில் அந்தப் பகுதி வந்தால் ஒப்பிட்டு எழுத இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.