ஆறு மில்லிமீற்றர்

செப்டெம்பர் 28
ஓடாத பழைய காரை டொலியில் (சில்லுக்கு அடியில் வைக்கும் உருளும் தட்டு) ஏற்றிக் கொட்டிலுக்குள் தள்ளவேண்டும். கொட்டிலின் புதுத் தரைக்கும் பழைய தரைக்கும் நடுவில் 6 மி.மீ. ஏற்றம். அடிமட்டம் வைத்து மூன்று இடத்தில் பார்த்தாயிற்று. மூன்றிலும் ஆறுதான்.

செப்டெம்பர் 29
மொறிஸ் மைனர் 1000, எஞ்சின் உள்ளே, ஏறத்தாழ 775 கிலோ. நாலால் வகுத்தால் மூலைக்கு 194. இதை நம்பி 200 கிலோ டொலி வாங்குவது முதல் பிழை. தரை சமமில்லையென்றால் வண்டி கால் ஆடும் மேசை மாதிரி, எதிரெதிர் மூலை இரண்டில் நிற்கும். ஆகவே ஒவ்வொரு டொலியும் பாதிப் பாரத்தை, 388 கிலோவை, தாங்கவேண்டும். டொலிக்குக் கஸ்டர், அதாவது சுழலும் சிறு சில்லு, நாலு. ஒன்று பள்ளத்தில் தொங்கலாம் என்று மூன்றால் வகுத்தால், கஸ்டருக்கு 129 கிலோ. 150 கிலோவுக்குக் குறைந்த கஸ்டரைத் தொடவேண்டாம். 1500 பவுண்ட் என்று விற்கிற டொலி 680 கிலோ. பாரம் பிரச்சினையே இல்லை.

தரைதான் பிரச்சினை.

ஒக்டோபர் 1
இரண்டு வகை. மிதி வைத்த டொலி: ரயரின் முன்னும் பின்னும் உருளை, மிதிக்க மிதிக்க உருளைகள் நெருங்கி ரயரைத் தூக்கும். ஜக் தேவையில்லை. ஆனால் ரயருக்குள் காற்று இருக்கவேண்டும். காற்றில்லாத ரயரை உருளை நசுக்குமே தவிர, நிலத்தைவிட்டுக் கிளப்பாது. இந்த வண்டியில் இரண்டு ரயர் தட்டை. வலது பின்பக்கத்தில் சில்லே இல்லை, ஹப்பும் கழற்றியாயிற்று. அந்த மூலைக்கு மிதி டொலி வெறும் இரும்பு.

மற்றது சும்மா தட்டு. நடுவில் குழிந்த இரும்புத் தகடு, நாலு மூலையிலும் 3 அங்குலக் கஸ்டர். ஜக்கால் தூக்கி, கீழே தள்ளி, இறக்கவேண்டும். விலை குறைவு, கெட்டுப்போக ஒன்றுமில்லை. இதுதான்.

ஒக்டோபர் 2
கச்சான் காற்று அடங்கிவிட்டது. வாடை மழைக்கு எத்தனை நாள்?

ஒக்டோபர் 3
இரவு முழுக்க அந்த ஆறு மில்லிமீற்றர்.

முன் டொலி இரண்டும் நேராக வந்து முட்டினால், முன்வரிசைக் கஸ்டர் நாலின்மேலும் சேர்த்து ஏறத்தாழ 194 கிலோ. 3 அங்குலக் கஸ்டருக்கு ஆரை 38 மி.மீ.; 6 மி.மீ. ஏற, அந்தப் பாரத்தின் 64 வீதம் தள்ளவேண்டும்: 124 கிலோ. 5 அங்குலமானால் 47 வீதம், 91 கிலோ. வண்டியின் சொந்த ரயரே உருண்டால் 21 வீதம், 40 கிலோ. சிறு கல்லில் டொலி செத்து நிற்பதும் இதனால்தான். அலவாங்கால் நெம்பினால் டொலி மட்டும் வழுக்கி வெளியே ஓடும், வண்டி இருந்த இடத்தில் இருக்கும்.

3 மி.மீ. தகடு போட்டு ஏற்றத்தைப் பாதியாக்கலாமா? பாதியானாலும் 42 வீதம், 82 கிலோ. பாதிக்குப் பாதி குறையாது. அதுதான் எரிச்சல்.

ஒக்டோபர் 4
அப்படியானால் 5 அங்குலம் ஏன் வாங்கவில்லை? கஸ்டர் சுழல இடம் வேண்டும். தட்டு அகலும். உள்பக்கக் கஸ்டர் பிரேக் பின்தகட்டிலோ வில்தகட்டிலோ இடிக்கும், வெளிப்பக்கம் மட்காட்டில். 3 அங்குலம் ஒரு சமரசம், வேறொன்றுமில்லை.

ஒக்டோபர் 6
திருகோணமலை மத்திய வீதி இரும்புக்கடைகளில் கஸ்டர் மூன்று விதம். றப்பர்: சத்தமில்லை, ஆனால் இரண்டு கிழமை பாரத்தில் நின்றால் ஒருபக்கம் தட்டையாகும், பிறகு உருளாது. வார்ப்பிரும்பு: சீமெந்தைக் கீறும், கடற்காற்றில் கறள் பிடிக்கும். நைலோன்: கடினம், லேசாக உருளும், கறளில்லை. ஆனால் மேலே சுழலும் பெயரிங் குண்டுகள் எல்லாவற்றிலும் இரும்பு. இங்கே முதலில் இறுகுவது அதுதான். கிறீஸ் ஏற்றும் நிப்பிள் உள்ளதாகத் தேடி எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை எண்ணெய்.

நைலோன்.

ஒக்டோபர் 7
வலது பின்மூலை. சில்லில்லாத இடத்தில் டொலியின் குழிக்குள் எதை வைப்பது? செங்கல் வைத்தால் வெடிக்கும், அடுக்கிய பலகை சரியும். அக்சில் குழாயின் அடியில் தாங்குவதுதான் முறை. 4 அங்குலக் கோண இரும்பில் ஒரு நாற்காலி, மேலே குழாய்க்கு ஏற்ற அரைவட்டம், அடியில் தட்டோடு நாலு போல்ட். உயரம் மற்றப் பின் சில்லு டொலியில் ஏறியபின் அளந்ததாக இருக்கவேண்டும். முன்னரே அளந்தால் வண்டி சாயும்.

வெல்டிங் பாஸ் பார்த்துவிட்டு, "அண்ணே, ஸ்டாண்டையே தட்டில ஒட்டிவிடுவமே" என்றார். கூடாது. அக்சிலைத் தாங்கும் ஸ்டாண்டின் நாலு கால் நுனியும் தகட்டில் நாலு புள்ளி, தகடு குழியும்.

ஒக்டோபர் 9
முன் இடது பிரேக் டிரம் இன்னும் இறுக்கம். சரிசெய்யும் திருகு முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று. தளர்த்தியும் அசையவில்லை. அசையாவிட்டால் போகட்டும், டொலிக்குத் தெரியவா போகிறது.

ஒக்டோபர் 10
வேலை ஒழுங்கு: முதலில் பின்பக்கம், அக்சிலின் கீழ் ஜக். பிறகு முன், சஸ்பென்ஷன் கீழ்க் கையின் வெளிநுனியில் ஒவ்வொன்றாக. கதவடிச் சட்டத்தில் ஜக் வைக்கக்கூடாது, அங்கே பெயின்ற்தான் தகரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு டொலியும் ஏறியதும் இரண்டு பக்கமும் கட்டை. நாலும் ஏறியபின் ஹான்ட் பிரேக்குக்கு அர்த்தமில்லை. பிரேக் பிடிப்பது சில்லை, ஓடுவது கஸ்டர்.

தரை 40க்கு 1 சரிவு. 775ஐ 40ஆல் வகுத்தால் 19 கிலோ. ஒருவர் தடுக்கலாம். ஓடத் தொடங்கிய பிறகு ஒருவராலும் முடியாது. பின் அக்சிலில் கயிறு, மறுநுனி தூணில் இரண்டு சுற்று, ஒருவர் அதை மட்டும் பிடிக்கவேண்டும்.

ஒக்டோபர் 11
விளிம்பு! நேராக ஏன் ஏறவேண்டும்? வண்டியைக் கோணலாகக் கொண்டுபோனால் கஸ்டர் ஒவ்வொன்றாக முட்டும். ஒரு கஸ்டரில் 48 கிலோ, தள்ள 31. எல்லாக் கஸ்டரும் சுழல்வதால் கோணலாகப் போவது சுலபம். இவ்வளவு நாள் தகடும் சாந்தும் யோசித்ததெல்லாம் வீண். மெல்லிய சாந்து எப்படியும் நைலோனுக்குக் கீழ் உதிர்ந்துதான் போகும்.

இருந்தாலும் கிரைண்டரால் மேல்விளிம்பை ஒரு சாண் அகலத்துக்குச் சீவிவிடுவது நல்லது. வைரத்தட்டு, முகமூடி, தண்ணீர். பிறகு தும்புத்தடியால் ஒருமுறை, காந்தத்தால் ஒருமுறை. டொலி நிற்க ஒரு ஆணி போதும்.

ஒக்டோபர் 12
அடிமட்டம் மறுபடி. சீவிய இடத்தில் 2 மி.மீ. வடக்கு மூலையில் இன்னும் 5. அங்கே ஏன் ஐந்து

ஒக்டோபர் 13
விடியமுன் மழை. தகரத்தில் பெருஞ்சத்தம். டொலி மூன்று வந்தது, நாலாவது